பொத்தான் இருந்த பக்கம்

…மூன்று முனை, நடுவில் இருப்பதை மட்டும் யாரோ ஒரு வாய் கடித்து வைத்த மாதிரி, அதன் வலது சரிவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கீறல், பனியோ பாறையோ, கண்ணைக் கட்டி வரையச் சொன்னாலும் வரைந்துவிடுவேன், இந்த ஒரு மாதத்தில் பெற்ற மகளின் முகத்தைவிட அந்த மலையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், ஆனால் பெயர் மட்டும் ஒருத்தருக்கும் தெரியவில்லை, மலை என்ன ஊசியா, தொலைந்து போக… கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கழுத்துப் பட்டை, தோள் தையல், கை, உள் துணி, பை, பொத்தான். ஒரு கோட்டுக்கு ஒன்றரை நிமிடம். குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், இடது பக்கக் கூடை, இல்லையென்றால் வலது பக்கக் கூடை. பத்தொன்பது வருஷமாக இந்தக் கோட்டுத் தொழிற்சாலையில் இதே மேசை, இதே குழல்விளக்கு. பக்கத்து மேசைக்காரி, ஊசி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், உடம்பும் அப்படி, நாக்கும் அப்படி, அவள் ஒருமுறை சொன்னாள், "உனக்குக் குத்தம் கண்டுபிடிக்கத்தான் சம்பளமே. அத இங்கயே கழட்டி வெச்சுட்டு வீட்டுக்குப் போ தாயே" என்று. அன்று சிரித்தேன். இப்போது எட்டு நாளாக அந்த வார்த்தை முள்ளாகக் குத்துகிறது, ஏனென்றால் எட்டு நாளாக அம்மா என்னோடு பேசவில்லை.

அப்பா காலமான பிறகு அவருடைய சாமான்களை ஒழித்தபோது தம்பிதான் அந்தப் படத்தைக் கண்டுபிடித்தான், சவரப் பெட்டியின் அடியில், பிளேடு உறைகளுக்குக் கீழே. கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அளவு, பின்னால் ஒரு எழுத்துக்கூட இல்லை. அம்மா நிற்கிறாள், முப்பத்தொரு வயது அம்மா, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, காலடியில் எங்கள் வீட்டு பிரௌன் பெட்டி, ஒரு பக்கப் பூட்டு உடைந்துபோய்க் கயிறு கட்டிய அதே பெட்டி, முதுகுக்குப் பின்னால் அந்த மலை. தரையில், அம்மாவின் கால்வரைக்கும் நீண்டு, படம் எடுத்தவருடைய நிழல். அம்மா சிரிக்கிறாள். அது அம்மாவின் முகம்தான், ஆனால் அம்மாவின் முகமாக இல்லை, எங்கோ ஒரு நூல் இழுத்துத் தைத்த மாதிரி ஒரு சின்னக் கோணல், எங்களோடு இருந்தபோது ஒருநாளும் பார்க்காத ஒரு முகம், சந்தோஷம் ஒருத்தியை இவ்வளவு மாற்றுமா என்று நினைத்துக்கொண்டேன்… "எந்த மலைம்மா இது?" என்று கேட்டேன். "பெரிய மலை" என்றாள். "எங்க இருக்கு?" "அது இருந்த இடத்துலதான் இருக்கும், மலை எங்க போகப் போகுது?" "சரி, யாரு எடுத்தது?" "கேமரா எடுத்தது." இதற்குமேல் அவளிடம் ஒன்றும் பெயராது, எழுபத்து மூன்று வயதில் அவளுக்கு மூட்டுதான் தேய்ந்திருக்கிறது, வாய் தேயவில்லை.

ஆனால் எனக்குத் தெரியும் அது எப்போது எடுத்த படமென்று. அந்தப் பதினோரு நாள். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அதற்கு முந்தைய மாதங்களில் அம்மா பேசுவது குறைந்துகொண்டே வந்தது, சமைப்பாள், துவைப்பாள், முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்பாள், சுவரில் ஒன்றும் இருக்காது, ஒரு ஆணிகூட. ஒருநாள் காலை என் தலையை வாரிக்கொண்டிருக்கும்போதே சீப்பு பாதியில் நின்றுவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, நான் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு சொன்னேன், "எப்பப் பாரு சுவரையே பாத்துட்டிரு. நீ இல்லாட்டிகூட எங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்." அன்று சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா இல்லை. அத்தை ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றார் அப்பா. எந்த அத்தை என்று நான் கேட்கவில்லை, ஏன் போனாள் என்றுதான் எனக்குத் தெரியுமே. பதினோராம் நாள் அம்மா அந்த பிரௌன் பெட்டியோடு வாசலில் நின்றாள், உள்ளே வந்தாள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "யார் இது, தலைய இப்படிக் கோணலா வாரி விட்டது?" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பதினோரு நாளைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. என் கோபமெல்லாம் அப்பா மேல்தான். போனவளைத் தேடிப் போகவில்லையே. தபால்காரர், ஊரில் எந்தக் கதவு எங்கே என்று தெரிந்தவர், சொந்த மனைவி எங்கே என்று தெரியாமல் காலையில் தபால் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாரே. நடுவில் இரண்டு நாள் எங்களை மேல்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, வேலை விஷயமாக வெளியூர் போகிறேன் என்று போனாரே, தபால்காரருக்கு வெளியூரில் என்ன வேலை, ஒன்பது வயதில் எனக்கு அது தோன்றவில்லை, பெரியவளானதும் தோன்றியது, குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன், அவர் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை, இருந்தாலும்… போன வருஷம் அவர் போனபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஒரு பொத்தானை இழுத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. ஸ்டிக்கர். இடது கூடை. இது பெண்கள் கோட்டு, இந்த வாரம் முழுக்க இதுதான், பெண்கள் கோட்டில் வலது பக்கத் துணி மேலே வரும், ஆண்கள் கோட்டில் இடது பக்கத் துணி மேலே வரும், வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள், பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம்கூட எனக்கு நினைவிருக்காது, பொத்தான் எந்தப் பக்கம் என்பது நினைவிருக்கும், தொழில் புத்தி. அந்தப் புத்திதான் என் குடியைக் கெடுத்தது. படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டதே அதுதான், அம்மா போட்டிருந்த கோட்டில் இடது பக்கம் மேலே. அது ஆண் கோட்டு. அம்மாவிடம் ஒரு சாம்பல் கோட்டு இருந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது பெண்கள் கோட்டு, இது வேறு. அப்படியென்றால் அந்தக் குளிரில் யாரோ ஒருவர் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். பிறகு நிழல். அப்பாவுக்கு இடது தோள் இறங்கியிருக்கும், வருஷக்கணக்காகத் தபால் பை தொங்கிய தோள், இருட்டில் நடந்து வந்தால்கூட அந்தத் தோளை வைத்து அவரைச் சொல்லிவிடலாம். படத்தில் இருந்த நிழலுக்கு இறங்கியிருந்தது வலது தோள். அப்பா இல்லை. பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் எப்போதும் இருக்கும் எங்கள் கேமராவையும் எடுத்துக்கொண்டு, திட்டம் போட்டுத்தான் போயிருக்கிறாள்… மலை எதுவென்று தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் ஆள் தெரியும். மகளிடம் காரணத்தைச் சொல்லவில்லை, "பாட்டி போன மலை எதுன்னு கண்டுபிடி" என்று மட்டும் சொன்னேன், அவள் மலைப் படங்களுக்கென்றே இருக்கிற ஏதோ ஒரு குழுவில் போட்டாள். ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஒருவர் அந்த மலை என்றார், இன்னொருவர் இந்த மலை என்றார், மூன்றாமவர் இப்படி ஒரு மலையே உலகத்தில் இல்லை, ஸ்டுடியோத் திரைச்சீலை என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு நாளுக்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே படத்தை வைத்துக் கேட்டேவிட்டேன், "அந்தக் கோட்டு யாரோடது?" அம்மா படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து தானே போட்டுச் சாப்பிடுகிறாள், தானே கழுவி வைக்கிறாள், நான் அறைக்குள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். மறுபடியும் சுவர்.

மூன்றரை மணிக்கு டீ இடைவேளை மணி அடித்தது. பெட்டகத்திலிருந்து போனை எடுத்தேன், மகளிடமிருந்து ஏழு செய்தி, முதலாவதே "அம்மா மலை கிடைச்சிடுச்சு". டீ கொஞ்சம் சட்டையில் கொட்டியது. ஊசி எட்டிப் பார்த்து, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள். "மலை கிடைச்சிடுச்சாம்." "நல்லதாப் போச்சு. பாதிய எனக்கு எழுதிக் குடு, ஒரு வீடு கட்டிக்கிறேன்." அந்தக் குழுவில் மலைப்பைத்தியம் என்ற பெயரில் ஒருவர் இருப்பார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மகளுக்கு எழுதியிருந்ததை அவள் அப்படியே அனுப்பியிருந்தாள். "பாப்பா, பத்து நாளா உன் மலை என்னைத் தூங்க விடல. எங்க தேடினாலும் இப்படி ஒண்ணு இல்ல. இன்னைக்குக் காலைல கண்ணாடி முன்னாடி சவரம் பண்றப்ப பட்டுனு தோணுச்சு. படத்த இடம் வலமாத் திருப்பிப் பாரு. அந்தக் காலத்துல ஸ்டுடியோக்காரங்க நெகட்டிவப் பக்கம் மாத்திப் போட்டு பிரிண்ட் எடுத்துடுவாங்க, யாரும் கவனிக்க மாட்டாங்க. திருப்பினா இது நம்ம மலைதான், அந்த ஸ்டேஷன்ல மூணு வருஷம் கொடி ஆட்டியிருக்கேன். பிளாட்பாரத்தோட கோடியில, தண்ணித் தொட்டிகிட்ட நின்னா அச்சா இப்படித்தான் தெரியும். நிழலப் பாத்தா சாயங்கால வண்டி வந்த நேரம்." கீழே ஒரு ஊரின் பெயர். எனக்குத் தெரிந்த பெயர்தான், ரயில் அட்டவணையில் கடைசிக்கு முந்தைய வரி. அந்த ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை.

திருப்பிப் பார் என்றால் போனில் எப்படித் திருப்புவது, மகளைக் கேட்டால் சொல்லுவாள், ஆனால் எனக்கு அதுவரை பொறுமை இல்லை, மாதிரி அறையில் கோட்டைப் போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, அங்கே போனேன். போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடிக்குள், என் கைக்கு நடுவில், அம்மா. வெள்ளைக் கீறல் இடது பக்கம் போயிருந்தது. அது இருக்கட்டும், அதையா பார்த்தேன், பொத்தானைப் பார்த்தேன். வலது பக்கம் மேலே. பெண்கள் கோட்டு. அம்மாவின் கோட்டு. நிழலுக்கு இடது தோள் இறங்கியிருந்தது… அப்படியே இறங்கியிருந்தது, பை இல்லாமலே பை தொங்குகிற மாதிரி. முகத்தில் அந்தக் கோணல் இல்லை. அது அம்மாவின் முகம், வேறு யாருடையதும் இல்லை, தம்பி உளறும்போதும் பால் பொங்கி வழிந்தபோதும் சிரித்த அதே சிரிப்பு, நாற்பத்திரண்டு வருஷமாக நான் தினம் பார்க்கிற சிரிப்பு. ஸ்டுடியோவில் எவனோ ஒருவன் கை தவறிப் போட்டதை வைத்துக்கொண்டு நான் ஒரு ஆளையே உண்டாக்கிவிட்டேன், அவனுக்குக் கோட்டு தைத்துப் போட்டு, தோளை இறக்கிவிட்டு… பின்னால் ஊசி வந்து நின்றாள். "கண்ணாடிக்கு எதுக்கு போட்டோ காட்டுற? பொண்ணு பாக்குதா அது?" என்றவள் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, கையிலிருந்த டீக்கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் பெட்டி? அம்மாதானே பெட்டியை எடுத்துப் போனாள்… போனாளா? நான் பார்த்தேனா? பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவள் இல்லை, அவ்வளவுதான் பார்த்தேன். திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது, அதனால் போனபோதும் இருந்தது என்று நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்த ஜன்னல். எங்கள் வீட்டுத் தெருப்பக்க ஜன்னல் எனக்கு எட்டாது, அம்மா வருகிறாளா என்று பார்க்க நான் எதையோ இழுத்துப்போட்டு ஏறி நிற்பேன், தம்பி கீழே நின்று "எனக்கும் காட்டு, எனக்கும் காட்டு" என்று பாவாடையை இழுப்பான், நான் நிற்கிற இடம் லேசாக அமுங்கும், கணுக்காலில் கயிறு உரசும், சொரசொரவென்று, அந்த அரிப்புகூட இப்போது… கயிறு. அந்தப் பெட்டியின் கயிறு. அம்மா போன பிறகு நான் அந்தப் பெட்டி மேல் ஏறி நின்றிருக்கிறேன். இரண்டு ஞாபகமும் என்னிடம் இருந்தன, நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் பேசாமல் இருக்கிற இரண்டு பேர் மாதிரி இருந்தன, நான் ஒருநாளும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்ததில்லை. வேலை விஷயமாக வெளியூர் போனாரே, அன்றைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தபாலெல்லாம் அவர் கையில்தானே பிரியும், அதில் ஒன்று அவருக்கே வந்திருக்கலாம், இன்ன ஊரில் இருக்கிறேன் என்று ஒரு வரி. போய்ப் பார்த்திருக்கிறார். மலையை வைத்துப் படம் எடுத்திருக்கிறார். பிறகு அவளை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார், எங்களுக்கு ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு.

இடைவேளை முடிய நாலு நிமிடம் இருந்தது. வீட்டுக்கு அடித்தேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள்.

"என்ன?"

எட்டு நாளில் முதல் வார்த்தை. "சாப்டியாம்மா?"

"மணி நாலாகப் போகுது. சாப்டாமலா இருப்பாங்க?"

"அம்மா… அந்தச் சாம்பல் கோட்டு. அப்பாவா கொண்டு வந்தாரு?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ விளம்பரம், பிறகு அது அணைந்தது. "குளிருமேன்னு" என்றாள். "நான் போட்டிருந்த துணியோட போயிட்டேன். அந்த ஊருல கோடையிலயே பல்லு தந்தியடிக்கும். கோட்டு, மாத்துத் துணி எல்லாம் அடுக்கி எடுத்துட்டு வந்தாரு. கோட்டுல கழுத்துப் பொத்தான் ஒண்ணு விழுந்து கிடந்தது, நான் தைக்காமயே விட்டிருந்தேன். அத வேற தைச்சிருந்தாரு மனுஷன். சாம்பல் கோட்டுக்குச் செவப்பு நூலு." ஒரு சின்னச் சத்தம் வந்தது, இருமலா சிரிப்பா தெரியவில்லை. "அதப் பாத்துதான் சிரிச்சேன். அதுக்குள்ள படம் எடுத்துட்டாரு."

"கூட வான்னு கூப்பிட்டாராம்மா?"

"அடுப்புல பால் இருக்கு" என்றாள் அம்மா. "உன் பொண்ணு சொன்னா, மலை கிடைச்சிடுச்சுல்ல? போயி வேலையப் பாரு."

மணி அடித்தது. மேசைக்கு வந்தேன். கழுத்துப் பட்டை, தோள் தையல், கை… சிவப்பு நூல், கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படித் தெரியும், தெரிந்திருந்தாலும் என்ன, அந்தக் கோட்டு என் மேசைக்கு வந்திருந்தால் நான் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி இடது கூடையில் போட்டிருப்பேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது, மன்னித்துக்கொள் என்றா, அதற்கும் "எதுக்கு?" என்பாள், சொல்ல வைத்து வேடிக்கை பார்ப்பாள். மாற்றுத் துணியெல்லாம் அடுக்கி எடுத்துப் போனார் என்றால் கூட்டி வரப் போகவில்லை, இரு என்று சொல்லப் போயிருக்கிறார், இல்லை, இருக்கிறாயா வருகிறாயா என்று கேட்காமலிருக்கப் போயிருக்கிறார், அவள் திரும்பி வருவாள் என்று அவருக்கு யாரும் வாக்குக் கொடுத்திருக்க முடியாது, மிச்ச நாளெல்லாம் அந்த மனுஷர் காலையில் பையை மாட்டிக்கொண்டு போய், சாயங்காலம் வந்து, எங்களுக்குச் சோறு போட்டு… உள் துணி, பை, பொத்தான், வலது கூடை. பெட்டிதான் போய்விட்டதே, பிறகு நான் எதன் மேல் ஏறி ஜன்னலைப் பார்த்தேன்? பார்த்தேனே, கடைசி நாள்வரை தெருவைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதே, முன்னைவிட உயரத்திலிருந்து, தெருமுனைப் பெட்டிக்கடைவரை தெரிந்ததே… தோள். அப்பாவின் இடது தோள், இறங்கியிருக்கும், அதனால் நான் வழுக்குவேன், அவர் என் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், கீழேயிருந்து கேட்பார், "யாராவது வர்றாங்களா பாரு. தெரியுதா?" "இல்லப்பா." "நல்லாப் பாரு." நல்லாப் பாரு, நல்லாப் பாரு என்று இரண்டு மூன்று தடவை சொல்வார், எனக்காகத்தான் கேட்கிறார் என்றே இத்தனை வருஷமும்… அடுத்த கோட்டை எடுத்து மேசையில் விரித்தேன், ஊசி என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை, அவர் ஏன் தானே எட்டிப் பார்க்கவில்லை, ஜன்னல் அவருக்கு எட்டுமே.